தக்காளி ஏத்துற வண்டியில ஆள் ஏத்தினா

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வாசலில் நிற்கும் குட்டி யானைக்குத் தனி மவுசு வந்துவிடும். மற்ற மாதங்களில் அது தக்காளிப் பெட்டிக்கும் எருவுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் ஓடுகிற வண்டி. ஆடியில் மட்டும் ஊரே அதைச் சொந்த வண்டியாகப் பார்க்கும். "பதினெட்டுக்கு ஆத்துக்குப் போவணும், வண்டி எடுப்பியாப்பா?" என்று ஒரு வாரம் முன்னாடியே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆறு என்றால் எங்களுக்கு ஒகேனக்கல்தான். பென்னாகரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். ஆடிப்பெருக்குக்குக் குளிக்கவும், குலசாமிக்குப் பொங்கல் வைக்கவும், செத்தவர்களின் சாம்பலைக் கரைக்கவும் எங்கள் பக்கத்து ஜனங்கள் அங்கேதான் போவார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது மாட்டு வண்டி கட்டிக்கொண்டு ராத்திரியே கிளம்பியது நினைவில் இருக்கிறது. அப்புறம் லாரி வந்தது, டிராக்டர் வந்தது. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு சந்துக்குச் சந்து குட்டி யானை.

இந்த ஆடியில் வண்டி கேட்டு வந்தவர் எங்கள் சின்னம்மா. அப்பாவின் பங்காளி முறையில் தம்பி சம்சாரம். கையில் ஊன்றுகோல். திண்ணையில் மெதுவாக உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பேரனுக்கு மொட்ட அடிக்கணும்டா. பெங்களூர்ல இருந்து எல்லாம் வர்றாங்க. ஒரு இருபத்தஞ்சு பேரு. உன் வண்டியில போயிட்டு வந்துரலாம்" என்றார்.

நான் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தேன். வேறு யார் கேட்டிருந்தாலும் முடியாது என்று சொல்லியிருப்பேன், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் சின்னம்மாவிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அந்த ஊன்றுகோல் அவர் கைக்கு வந்ததே என் வண்டியால்தான்.

இதுவரை நான் யாரிடமும் முழுசாகச் சொல்லாத கதை அது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

நகரத்தில் இருக்கிற நீங்கள், சரக்கு வண்டியில் ஆடு மாடு மாதிரி ஜனங்கள் நின்றுகொண்டு போவதைப் பார்த்து, "இந்த ஊர்க்காரங்களுக்கு உயிர்மேல பயமே இல்லையா?" என்று நினைத்திருப்பீர்கள். பயம் இருக்கிறது. எல்லாருக்கும் இருக்கிறது. எங்கள் ஊர் ஏரியூர் போகிற ரோட்டில் பிரிந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. காலையில் ஒரு டவுன் பஸ், சாயங்காலம் ஒன்று. நடுவில் ஒரு சாவோ சீமந்தமோ வந்தால் என்ன செய்வது? 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல விஷயம், எங்கள் வீட்டுப் பெண்களே தினமும் அதில்தான் போய் வருகிறார்கள். ஆனால் பஸ் வருகிற இடத்தில்தானே டிக்கெட் இல்லாமல் ஏற முடியும்? என் கடலைக்காய்க் காட்டுக்குப் பஸ்ஸே கிடையாது. எங்கள் பென்னாகரம் தொகுதியிலேயே கோட்டூர் மலைக்குத் தேர்தல் சமயத்தில் ஓட்டு மெஷினைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அதைவிட நாங்கள் எவ்வளவோ பரவாயில்லை.

களை எடுக்க ஆள் வேண்டும் என்றால் பக்கத்து ஊர்களிலிருந்துதான் கூட்டி வரவேண்டும். எட்டு மணிக்குக் காட்டில் இறங்கினால்தான் வெயிலுக்கு முன் பாதி வேலையாவது நடக்கும். ஆள் கிடைப்பதே குதிரைக் கொம்பு. "வண்டி அனுப்புறியா, வர்றோம். இல்லன்னா வேற காட்டுக்குப் போறோம்" என்பார்கள். வண்டி என்பது கூலியில் ஒரு பாகம் மாதிரி ஆகிவிட்டது. அதனால் தக்காளியை இறக்கிவிட்டு வந்த வண்டியில் சாக்கை விரித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவேன். எல்லாரும் செய்வதுதானே என்று நானும் செய்தேன்.

மூன்று வருஷம் முன்பு, கடலைக்காய்க்குக் களை எடுக்கிற பருவம். அன்றைக்குப் பதினான்கு பெண்கள். அதில் சின்னம்மாவும் ஒருவர். மகன் பெங்களூரில் கட்டிட வேலை. "சும்மா உக்காந்து என்னா பண்றது" என்று அவராகவே வருவார். அறுபது வயது ஆனாலும் களைக்கொத்து எடுத்தால் அவர் பிடித்த பாத்திதான் முதலில் முடியும்.

பொழுது சாய்கிற நேரம் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் வேகமாக ஓட்டவில்லை, முப்பதுக்கு மேல் போயிருக்காது. பின்னால் பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. வண்டியை ஒடித்தேன். இடது பக்கச் சக்கரங்கள் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கின. அரை அடிப் பள்ளம்தான். வண்டி ஒரு ஆட்டம் ஆடி, மறுபடி மேலே ஏறி நின்றுவிட்டது. கவிழவில்லை. ஆட்டுக்குட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. "அப்பாடா" என்று மூச்சு விட்டபோதுதான் பின்னால் கூச்சல் கேட்டது.

சின்னம்மா பக்கப் பலகைமேல் உட்கார்ந்து வந்திருக்கிறார். கீழே இடம் இல்லை. வண்டி ஆடிய ஆட்டத்தில் அப்படியே வெளியே விழுந்துவிட்டார். ரோட்டோரத்தில் கிடந்தவரைத் தூக்கப் போனபோது, "காலத் தொடாத சாமி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை.

பென்னாகரத்தில் பார்த்துவிட்டு, தர்மபுரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. டாக்டர், "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று கேட்டார். அடிபட்டு வருகிறவர்களிடம் அதைக் கேட்டு எழுதிக்கொள்வார்கள், போலீசுக்கும் தகவல் போகும். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாய் திறக்கிறதுக்குள் சின்னம்மா சொன்னார்:

"மாட்டுக் கொட்டாயில சாணி வழுக்கி உழுந்துட்டேங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். நான் பேசாமல் நின்றேன்.

அந்தப் பொய் எனக்காகச் சொன்னது. அவரிடம் யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. ஆபரேஷன் ஆகி பிளேட் வைத்தார்கள். மருந்து, போக்குவரத்து, துணைக்கு இருந்தவர்கள் சாப்பாடு என்று ஆனதையெல்லாம் நான்தான் பார்த்துக்கொண்டேன். கடனும் வாங்கினேன். ஊரில் "பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டான்" என்று என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். சின்னம்மா அதன் பிறகு களைக்கொத்தைத் தொடவில்லை. குத்துக்கால் போட்டு உட்கார முடிந்தால்தானே?

ஆறு மாதம் கழித்து, பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒரு வக்கீலைத் தர்மபுரியில் பார்த்தேன். விபத்து கேஸ்தான் அவருக்குப் பெரும்பாலும். "ஒருத்தருக்கு நடந்துச்சு" என்று என் கதையையே மூன்றாம் மனுஷர் கதையாகச் சொல்லிக் கேட்டேன். அவருக்குப் புரிந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒரு நாள் தவறாம கட்டியிருக்கு."

"இருந்தும் பிரயோஜனம் இல்ல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பொறுமையாக விளக்கினார். நான் புரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன்.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு வண்டி என்பது சரக்கு ஏற்றுவதற்கென்றே கட்டின வண்டி. அதற்கு நாம் கட்டுகிற இன்சூரன்ஸ், ரோட்டில் போகிறவர் மேல் வண்டி மோதினால் அவருக்கு நஷ்டஈடு தரும். வண்டியில் சுமை ஏற்றி இறக்கப் போகிற நம்முடைய கூலி ஆளுக்கு, சட்டம் சொல்கிற அளவுக்குத் தரும். 1994-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, சரக்கோடு போகிற சரக்குக்காரரையும் அவருடைய பிரதிநிதியையும் சேர்த்தார்கள். அதாவது என் தக்காளியோடு நான் போனால் எனக்கு உண்டு. அதிலும் நான் டிரைவர் பக்கத்தில் கேபினில் உட்கார்ந்திருக்கவேண்டும், பெட்டி மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் கிடையாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படியானால் பின்னால் உட்கார்ந்து போகிற கல்யாண கோஷ்டி, கோயில் கோஷ்டிக்கு? 1999-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, சரக்கு வண்டியில் போகிறவர்களுக்கும் கம்பெனிதான் தரவேண்டும் என்றது. 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, அது தவறு, சரக்கு வண்டியில் ஏறின பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று மாற்றிவிட்டார்கள். 2004-ல் பல்ஜித் கவுர் வழக்கிலும் அதையே உறுதி செய்தார்கள். அந்த வழக்கில் மட்டும், பாதிக்கப்பட்டவர்கள் அலையக்கூடாது என்று, கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூல் பண்ணிக்கொள்ளட்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

"கம்பெனி கொடுத்தாலும் சரி, கொடுக்காட்டியும் சரி, கடைசியில வண்டிக்காரன் தலையிலதான் விடியும்" என்றார் வக்கீல். "வண்டிய வித்தா எவ்வளவு வரும்? நெலத்தத்தான் ஜப்தி பண்ணணும். நெலமும் இல்லாத வண்டிக்காரனா இருந்தா, காலு ஒடிஞ்சவங்களுக்குத் தீர்ப்புக் காகிதம்தான் மிச்சம்."

எனக்கு இருப்பது இரண்டே முக்கால் ஏக்கர். பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு போன ஒவ்வொரு நாளும் அந்த இரண்டே முக்கால் ஏக்கரையும் வண்டியில் வைத்து ஓட்டியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதைவிட மோசமானது இன்னொன்று. அந்தப் பதினான்கு பேரும் தங்கள் கை கால்களை எந்தக் காபந்தும் இல்லாமல் என்னை நம்பி ஏற்றியிருக்கிறார்கள்.

"நாம வாடகையா வாங்குறோம்? சொந்தக்காரங்கதானே?" என்று நிறையப் பேர் சொல்வார்கள். நானும் கேட்டேன். வாடகை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்றுதான். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் டிரைவர் லைசென்ஸை நிறுத்தி வைக்க விதியில் இடம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் போட்ட சாலைப் பாதுகாப்புக் கமிட்டி 2015-ல், இந்தத் தப்புக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்துங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவது, சிக்னலை மீறுவது இருக்கிற அதே பட்டியலில்தான் இதுவும். பெர்மிட் மீறல் என்று கேஸ் ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை ஜெயிலும்.

சட்டம் கிடக்கட்டும், வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். என் வண்டி முக்கால் டன் இழுக்கும். ஆளுக்கு ஐம்பது கிலோ என்று வைத்தால் பதினைந்து பேர், முக்கால் டன். "எடை சரியாத்தான இருக்கு, அப்புறம் என்ன?" என்றுதான் நானும் பல வருஷம் நினைத்தேன். ஆனால் தக்காளிப் பெட்டி வேறு, மனுஷன் வேறு. பெட்டி தாழ்வாக உட்கார்ந்திருக்கும், கயிறு போட்டுக் கட்டினால் அசையாது. மனுஷன் நிற்பான், பாரமெல்லாம் மேலே போய்விடும். வளைவில் வண்டி திரும்பினால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்வார்கள். முக்கால் டன்னும் ஒரே பக்கம் நகர்ந்தால் வண்டி என்ன செய்யும்? பக்கப் பலகை ஒரு அடி உயரம். நிற்கிறவருக்கு முழங்கால் அளவுகூட வராது. அது பெட்டி சரியாமல் இருக்க வைத்தது, ஆள் விழாமல் இருக்க வைத்தது இல்லை. பிடிக்கக் கம்பி கிடையாது, ஒருத்தரை ஒருத்தர்தான் பிடித்துக்கொள்வார்கள். ஒருத்தர் விழுந்தால் நாலு பேர் விழுவார்கள்.

இதற்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம். 2022 ஏப்ரல் 2, யுகாதி அன்று, பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் புலியூர்க்காரர்கள் சேம்பரை மலைக் கோயிலுக்குச் சரக்கு வேனில் போனார்கள். மலை ரோட்டில் வண்டி பள்ளத்தில் உருண்டது. 11 பேர் போய்விட்டார்கள், அதிகமும் பெண்கள். அதே வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் பக்கம், பிள்ளைக்கு மொட்டையடித்துவிட்டுக் கோயிலிலிருந்து டிராக்டர் டிரெய்லரில் திரும்பியவர்கள் குளத்தில் கவிழ்ந்தார்கள். 26 பேர், பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். 2024 மே மாதம் சத்தீஸ்கரில் கவர்தா பக்கம் பீடி இலை பறித்துவிட்டு பிக்கப் வண்டியில் திரும்பிய மலைவாழ் ஜனங்கள் 19 பேர், அதில் 18 பேர் பெண்கள். கோயிலுக்குப் போனவர்கள், மொட்டை அடித்தவர்கள், கூலிக்குப் போனவர்கள். நாங்கள் வண்டி ஏறுவதும் இதே மூன்றுக்குத்தான்.

"அப்ப போலீஸ் புடிச்சு நிறுத்த வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். பிடிக்கிறார்கள், அபராதமும் போடுகிறார்கள். ஆனால் அது மட்டும் போதாது. தாய்லாந்தில் 2017 ஏப்ரலில், நம் சித்திரைப் பிறப்பு சமயத்தில் வருகிற அவர்கள் புது வருஷத்துக்கு முன்னால், பிக்கப் வண்டியின் பின்னால் ஆள் ஏறக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. பட்டாளத்து ஆட்சி வேறு. அப்படியும் ஜனங்கள் கொதித்துப்போய், "வண்டிக்குப் பின்னால ஏறாம நாங்க ஊருக்கு எப்படிப் போறது?" என்று கேட்டார்கள். அரசாங்கம் பின்வாங்கிவிட்டது. அதைப் படித்தபோது எங்கள் ஊர்த் திண்ணையில் நடந்த பேச்சு மாதிரியே இருந்தது. மாற்று வழி இல்லாமல் தடை போட்டால், ஏறுகிறவர்கள் ஏறிக்கொண்டுதான் இருப்பார்கள். போலீஸ் நிற்கிற ரோட்டை விட்டுவிட்டு, இன்னும் மோசமான குறுக்கு ரோட்டில் போவார்கள்.

நம்மூரில் 1997-லேயே மினி பஸ் திட்டம் வந்தது. 2025-ல் அதைப் புதுசாக மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். பஸ் போகாத ஊருக்கு அது வந்தால் பாதிக் கதை மாறும். ஆனால் மினி பஸ் வந்தாலும் என் கடலைக்காய்க் காட்டு வரப்புக்கு வராது. அந்த மீதிக் கதை வண்டி வைத்திருக்கிற என் மாதிரி ஆள் கையில்தான் இருக்கிறது.

வக்கீலைப் பார்த்த பிறகு ஆள் ஏற்றுவதை நிறுத்தினேன். சொல்வது சுலபம். கணக்கைக் கேளுங்கள். என் வண்டியில் போய் வர டீசல் நூற்றைம்பது ரூபாய். பத்துப் பெண்களை ஷேர் ஆட்டோவில் இரண்டு நடையாகக் கூட்டி வந்து, திரும்பக் கொண்டுபோய் விட, அறுநூறு ரூபாய். ஒரு களைக்கு நான்கு நாள் என்றால் கூடுதலாக ஆயிரத்து எண்ணூறு. தக்காளி பெட்டி நூறு ரூபாய்க்குப் போகிற நாளில் அது பதினெட்டுப் பெட்டி. முதல் வருஷம் கூலியில் பிடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். அப்புறம் சின்னம்மா வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், அந்த யோசனையை விட்டுவிட்டேன். அந்த அறுநூறு உழவுக்கூலி, உரச் செலவு மாதிரி என் செலவு. இத்தனை வருஷம் அதைக் கொடுக்காமல் மிச்சம் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த மிச்சத்தின் மொத்தத்தையும் ஒரே நாளில் சின்னம்மா தன் இடுப்பால் கட்டினார்.

ஊரில் கெட்ட பேர்தான். "வண்டி வாங்கினதும் பெரிய மனுஷன் ஆயிட்டான்" என்றார்கள். ஒரு சாவுக்கு வண்டி தரவில்லை என்று என் மாமா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் தராவிட்டால் அடுத்த தெருவில் கேட்டு ஏறிப் போகிறார்கள். நான் நிறுத்தியதால் யாரும் பத்திரமாகிவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் சின்னம்மா வந்து வண்டி கேட்டார்.

"வேண்டாம் சின்னம்மா. ஆள் ஏத்தறதில்லன்னு உனக்கே தெரியுமே" என்றேன்.

"எனக்குமா?"

"உனக்குத்தான் மொதல்ல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னிக்கு டாக்டர் கேக்கறப்ப நீ பேசல. இன்னிக்கு மட்டும் நல்லா நாயம் பேசுற" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களை எடுக்கும்போது, "இந்தச் செடிய உட்டுட்டடா" என்று காட்டுவாரே, அதே குரல்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அந்தப் பேச்சு எங்களுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"தப்புதான் சின்னம்மா" என்றேன். "அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"சொல்லி? போலீசு, கோர்ட்டுன்னு நீ அலையறதுக்கா? உன் நெலத்த வாங்கிக்கிட்டு நான் என்னாடா பண்ணப் போறேன்?" என்றார். பிறகு ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "சரி, அப்ப எதுல போறது? வழிய சொல்லு" என்றார்.

வேண்டாம் என்று சொல்கிறவன் வழியையும் சொல்லவேண்டும். அவர் கேட்டது நியாயம். பென்னாகரத்தில் ஒரு டூரிஸ்ட் வேன் பேசினேன். இருபத்தொரு சீட், நாலாயிரம் கேட்டார், மூவாயிரத்து ஐந்நூறுக்கு வந்தார். பாதி நான் தருகிறேன் என்றேன். மீதி நாலு பேர் பென்னாகரம் போய் அங்கிருந்து ஒகேனக்கல் பஸ் பிடித்தார்கள். பொங்கல் பானை, விறகு, அரிசி மூட்டை, சேவல் எல்லாம் என் குட்டி யானையில் வந்தன. கேபினில் நானும் ஒரு பையனும் மட்டும். பின்னால் சேவல்தான் கூவிக்கொண்டு வந்தது.

பென்னாகரம் தாண்டிக் காட்டுக்குள் கணவாய் இறங்கும்போது முன்னால் பார்த்தால் வரிசையாகச் சரக்கு வண்டிகள். ஒவ்வொன்றிலும் ஜனம். புதுத் துணி, மஞ்சள் பூசின முகம், கைக்குழந்தை. ஒரு வண்டியில் பசங்கள் கேபின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வளைவில் வண்டி சாய்ந்தபோது எல்லாரும், "ஓ"வென்று சிரித்துக்கொண்டே கத்தினார்கள். அன்றைக்கு என் வண்டியில் பின்னால் கேட்டதும் இதே சிரிப்புத்தான். அந்த வண்டிக்குப் பின்னால் போகவே எனக்குக் கால் நடுங்கியது. ஒரு இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, அது போகட்டும் என்று காத்திருந்தேன்.

மொட்டை அடித்து, குளித்து, பொங்கல் வைத்து, சாப்பிட்டு முடித்த பிறகு ஆற்றங்கரைப் பாறையில் தம்பியோடு உட்கார்ந்தேன். சின்னம்மாவின் மகன். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. மூன்று வருஷமாக அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அம்மாவ நீதான்ணா காப்பாத்துன" என்பான். அன்றைக்கும் அதையே ஆரம்பித்தான்.

"கொட்டாயில வழுக்கி உழல தம்பி. என் வண்டியில இருந்துதான் உழுந்தாங்க" என்றேன்.

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா, நீ இத என்கிட்ட சொல்றது?" என்றான்.

"தெரியாது."

"சொல்லாத. பொய் சொன்னது எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னா சங்கடப்படும்." மறுபடி கொஞ்ச நேரம் கழித்து, "நானும் தினம் காலையில டிப்பர்லதான்ணா சைட்டுக்குப் போறேன். முப்பது நாப்பது பேரு நின்னுக்கிட்டே. மண்ணு கொட்டுற வண்டி. கேட்டா மேஸ்திரி, 'நடந்து வா'ங்கறான்" என்றான்.

அதற்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. திரும்பும்போது என் கையில் ஆயிரத்து எழுநூற்றைம்பது ரூபாயைத் திணித்தான். "வேன் காசுல உன் பாதி. மொட்ட என் புள்ளைக்குத்தானே" என்றான். நான் வாங்கவில்லை. அவனும் விடவில்லை. கடைசியில் அந்தப் பணத்தைச் சின்னம்மா பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

எங்கள் பக்கத்து ஆட்கள்தான் பெங்களூரிலும் திருப்பூரிலும் உங்கள் வீடுகளையும் ஆபீசுகளையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கான்கிரீட் போடுகிற அன்று ஆட்கள் எதில் வந்து இறங்குகிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். மேஸ்திரியிடம், "நாளைக்கு வேன்ல கூட்டிட்டு வாங்க, அந்தக் காசு நான் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். சதுர அடிக் கணக்கில் அது ஒரு பெரிய காசே இல்லை. என் கடலைக்காய்க் கணக்கில் அது பெரிய காசுதான். அப்படியும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்குக் களை எடுக்க ஒன்பது பேர் வருகிறார்கள். ஆட்டோக்காரரிடம் ஏழரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரே நடையில் ஒன்பது பேரையும் திணித்துக்கொண்டு வந்துவிடுவார். அதனால் கூடவே பைக்கில் போகவேண்டியிருக்கிறது.